மூளைச்சாவும் உறுப்புக் கொடையாளர் பராமரிப்பும்

மூளைச்சாவு என்பது மூளைத்தண்டு உள்ளிட்ட மூளையின் செயல்பாடு மீளவே முடியாதபடி நின்றுபோன நிலையாகும். இந்நிலையை அடைந்தவர் தானாக மூச்சுவிட முடியாது, உணர்வு திரும்பாது. எனினும் செயற்கை சுவாசக் கருவி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்திக் கொண்டிருக்கும் வரை இதயம் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை துடிக்கக்கூடும். இந்தியச் சட்டப்படி மூளைத்தண்டுச் சாவு மரணமே. விபத்து, மூளை ரத்தக்கசிவு போன்றவற்றால் இவ்வாறு இறந்தவர்களிடமிருந்து குடும்பத்தினரின் ஒப்புதலுடன் இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளைப் பெற்றுப் பிறருக்குப் பொருத்த முடியும்.

மரணம் உறுதி செய்யப்பட்ட நேரத்துக்கும் உறுப்புகள் எடுக்கப்படும் நேரத்துக்கும் இடைப்பட்ட மணிகளில் அந்த உடலுக்குத் தீவிர மருத்துவக் கவனிப்பு தேவை. இதையே கொடையாளர் பராமரிப்பு என்பர். இக்கவனிப்பு தவறினால், குடும்பத்தார் மனமுவந்து சம்மதித்த கொடைகூடப் பயனற்றுப் போகும். சென்னை போன்ற பெருநகரில் மட்டுமல்ல, நீலகிரியின் இத்தலார் போன்ற மலையூரிலிருந்து கீழே அனுப்பப்படும் நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

மூளைச்சாவு எவ்வாறு ஏற்படுகிறது

மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி போன்றது. தலையில் பலத்த அடிபட்டாலோ, ரத்தக்குழாய் வெடித்தாலோ, மூளைக்கு நெடுநேரம் ஆக்சிஜன் கிடைக்காமல் போனாலோ மூளை வீங்குகிறது. வீங்குவதற்கு இடமில்லாததால் மண்டைக்குள் அழுத்தம் உயர்கிறது. அந்த அழுத்தம் ரத்த அழுத்தத்தையே மிஞ்சும்போது மூளைக்குள் ரத்தம் செல்வது நின்றுவிடுகிறது. மூளையின் அடிப்பகுதி கீழ்நோக்கித் தள்ளப்பட்டு மூளைத்தண்டு நசுங்குகிறது. மூச்சுவிடத் தூண்டும் மையமும், விழிப்புணர்வைத் தரும் அமைப்பும் மூளைத்தண்டில்தான் உள்ளன. எனவே மூளைத்தண்டு அழிந்தால் இரண்டும் ஒருசேரப் போய்விடுகின்றன.

இதயத்தின் நிலை வேறு. துடிப்பைத் தொடங்கி வைக்கும் திசு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. மூளையின் கட்டளை இல்லாமலும், ஆக்சிஜன் கிடைக்கும் வரை அது துடிக்கும். மூளைச்சாவு அடைந்தவரின் மார்பு ஏறி இறங்குவதும் உடல் வெதுவெதுப்பாக இருப்பதும் கருவியாலும் இதயத்தின் இந்தத் தன்மையாலும் நிகழ்பவை.

கோமாவும் மூளைச்சாவும்

கோமா என்பது ஆழ்ந்த மயக்க நிலை. கோமாவில் இருப்பவரின் மூளையில் ரத்த ஓட்டம் உண்டு. மூளைத்தண்டு அனிச்சைச் செயல்கள் சிலவாவது இருக்கும். சிலர் மீண்டு வருவதும் உண்டு. விழிப்பு இருந்தும் உணர்வு இல்லாத நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் தாமாகவே மூச்சுவிடுகின்றனர். இவர்கள் யாவரும் உயிருள்ள நோயாளிகள். மூளைச்சாவு அடைந்தவர் அப்படியல்ல. சோதனைகள் முறைப்படி செய்து உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து எவரும் திரும்புவதில்லை.

செய்திகளில் காணப்படும் 'மூளைச்சாவு அடைந்தவர் உயிருக்குப் போராடுகிறார்', 'மூளைச்சாவு அடைந்து பின்னர் உயிரிழந்தார்' போன்ற தொடர்கள் தவறானவை. அவை மூளைச்சாவை மரணத்துக்கு முந்தைய ஒரு படியாகக் காட்டுகின்றன. 'மிஷினில்தான் உயிர் இருக்கிறது' என்ற பேச்சு வழக்கும் இதே குழப்பத்தை உண்டாக்குகிறது. கருவியில் இருப்பது சுவாசம் மட்டுமே.

கருத்து உருவான வரலாறு

செயற்கை சுவாசக் கருவிகள் 1950-களில் பரவலாகும் வரை, மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் நின்றது. மரணத்தைப் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. கருவிகள் வந்தபின் மூளை அழிந்தும் இதயம் துடிக்கும் நோயாளிகளை மருத்துவர்கள் கண்டனர். பிரான்சைச் சேர்ந்த மொல்லாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள் 1959-இல் இந்நிலையை, கோமாவையும் கடந்த நிலை என்று விவரித்தனர். அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு 1968-இல் மூளைச்சாவுக்கான அளவுகோல்களை வெளியிட்டது. பிரிட்டனின் மருத்துவ ராயல் கல்லூரிகள் 1976-இல் மூளைத்தண்டை மையமாகக் கொண்ட சோதனை முறையை வகுத்தன. இந்தியச் சட்டம் பின்பற்றுவது இந்த மூளைத்தண்டு முறையையே.

இந்தியச் சட்டம்

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. ஒன்று, மூளைத்தண்டுச் சாவை மரணமாக ஏற்று இறந்தவர் உறுப்புகளைப் பெற வழி செய்வது. மற்றொன்று, ஏழைகளிடமிருந்து சிறுநீரகத்தை விலைக்கு வாங்கும் வணிகத்தைத் தடுப்பது. சென்னையின் வில்லிவாக்கத்தைப் பத்திரிகைகள் 'கிட்னிவாக்கம்' என்று எழுதிய காலம் அது. இச்சட்டம் 2011-இல் திருத்தப்பட்டது. புதிய விதிகள் 2014-இல் வந்தன.

சட்டப்படி மூளைத்தண்டுச் சாவை ஒரே மருத்துவர் அறிவிக்க முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும்:

1. மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர்.
2. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து நியமிக்கப்படும் தனி வல்லுநர்.
3. நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர். இவர்கள் கிடைக்காத இடத்தில் அறுவை மருத்துவர், பொது மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் அல்லது தீவிர சிகிச்சை மருத்துவர் இடம்பெற 2011 திருத்தம் வழி செய்கிறது.
4. நோயாளிக்குச் சிகிச்சை அளித்து வரும் மருத்துவர்.

உறுப்பு மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்தவர் இதில் இருக்கக் கூடாது. உறுப்பு தேவைப்படும் பக்கத்திலிருந்து மரணத்தை அறிவிக்கும் பக்கத்துக்கு எந்த அழுத்தமும் வரக் கூடாது என்பதே இதன் காரணம். சோதனைகள் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்யப்படும். முடிவுகள் படிவம் 10-இல் பதியப்பட்டு நால்வரும் கையொப்பமிடுவர். நெருங்கிய உறவினரின் ஒப்புதலுக்குப் படிவம் 8 பயன்படுகிறது. இறந்தவர் சிறுவராயின் பெற்றோரில் ஒருவர் படிவம் 9-இல் ஒப்புதல் தருவர்.

சோதனைக்கு முன் விலக்க வேண்டியவை

மூளைச்சாவுச் சோதனையில் மிகுந்த கவனம் தேவைப்படும் பகுதி, சோதனை தொடங்கும் முன்னரே வருகிறது. மூளை அழிந்ததற்கான காரணம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் அதைக் காட்டிவிடும். அடுத்து, மூளைச்சாவு போலவே தோற்றமளிக்கும், ஆனால் சரிசெய்யக்கூடிய நிலைகள் ஒவ்வொன்றையும் விலக்க வேண்டும்.

முதலாவது குளிர். உடலின் உள்வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கண்மணிகள் ஒளிக்குச் சுருங்குவது மறையலாம். 28 டிகிரிக்குக் கீழே மூளைத்தண்டு அனிச்சைகள் எல்லாமே மறையலாம். மலையில் இரவு நேர விபத்தில் சிக்கி நெடுநேரம் பனியில் கிடந்தவரை இக்காரணத்தால் அவசரப்பட்டுச் சோதிக்கக் கூடாது. உடலை ஏறத்தாழ 36 டிகிரிக்குச் சூடேற்றிய பின்னரே சோதனை தொடங்க வேண்டும்.

இரண்டாவது நஞ்சு. கட்டுவிரியன் கடித்தவருக்குத் தசைகள் முழுவதும் செயலிழந்து, கண்மணி விரிந்து, மூச்சும் நின்றுபோகும். பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் நோயாளிக்கு நினைவு இருக்கலாம், சிகிச்சையால் முழுதும் பிழைக்கவும் கூடும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடலில் சேர்ந்தாலும் ஆழ்ந்த மயக்கமும் தசைத் தளர்ச்சியும் வரும். காய்கறித் தோட்டங்களுக்கு மருந்தடிக்கும் பகுதிகளிலிருந்து வரும் நோயாளியிடம் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது மருந்துகள். தூக்க மருந்து, வலி மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து ஆகியவை உடலிலிருந்து வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும். மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் போல் ஐந்து மடங்கு காத்திருப்பது பொது விதி.

நான்காவது, ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, அமிலத்தன்மை ஆகியவற்றின் கடும் மாறுபாடுகளும் மிகக் குறைந்த ரத்த அழுத்தமும். மேல் அழுத்தம் 100-க்குக் குறையாமல் நிலைப்படுத்திய பின்னரே சோதிப்பர்.

மூளைத்தண்டுச் சோதனைகள்

படுக்கையருகில் செய்யப்படும் சோதனைகள் ஒவ்வொன்றும் மூளைத்தண்டின் ஒரு பகுதியைச் சோதிக்கின்றன.

• கண்ணில் ஒளி பாய்ச்சினால் கண்மணி சுருங்குகிறதா?
• கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா?
• தலையை இருபுறமும் திருப்பும்போது கண்கள் எதிர்த்திசையில் நகர்கின்றனவா? கழுத்தெலும்பு முறிவு இருப்பவருக்கு இதைச் செய்யக் கூடாது.
• காதுக்குள் பனிக்குளிர் நீர் செலுத்தினால் கண்கள் நகர்கின்றனவா?
• முகப் பகுதியில் வலி உண்டாக்கினால் முகத்தில் அசைவு தெரிகிறதா?
• தொண்டையைத் தொட்டால் குமட்டலும், மூச்சுக்குழாயில் உறிஞ்சுகுழாய் செலுத்தினால் இருமலும் வருகின்றனவா?

இவை அனைத்துக்கும் 'இல்லை' என்பதே விடையானால், இறுதியாக மூச்சின்மைச் சோதனை செய்யப்படும். முதலில் நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுத்து, பின் சுவாசக் கருவியின் இணைப்பை நீக்குவர். மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் சென்றுகொண்டே இருக்கும். 8 முதல் 10 நிமிடங்களில் ரத்தத்தில் கரியமில வாயு சேரும். மூச்சு மையத்தில் சிறிதேனும் உயிர் இருந்தால் இதைவிடப் பெரிய தூண்டுதல் அதற்குக் கிடையாது. கரியமில வாயுவின் அழுத்தம் 60 மில்லிமீட்டரை எட்டியும், அல்லது தொடக்க அளவைவிட 20 கூடியும், மார்பில் அசைவே இல்லையெனில் மூச்சு மையம் அழிந்தது உறுதியாகிறது. இடையில் ரத்த அழுத்தமோ ஆக்சிஜன் அளவோ வீழ்ந்தால் சோதனையை நிறுத்திக் கருவியை மீண்டும் இணைக்க வேண்டும்.

மூளை மின்னலைப் பதிவு இந்தியாவில் கட்டாயமில்லை. முகத்தில் காயம், நாள்பட்ட நுரையீரல் நோய் போன்றவற்றால் சோதனைகளை முழுமையாகச் செய்ய முடியாதபோது மூளை ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஆய்வுகள் துணைக்கு வருகின்றன.

சில வேளைகளில் மூளைச்சாவு அடைந்தவரின் விரலோ காலோ அசையும். அரிதாக இரு கைகளும் மார்பை நோக்கி உயர்வதும் உண்டு. இவை முதுகுத்தண்டிலிருந்து மட்டும் எழும் அனிச்சைகள். மூளைக்கு அவற்றில் பங்கில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அருகில் நிற்கும் உறவினர்கள் உயிர் திரும்பியதாக நம்பிவிடுவர். பின்னர் எந்த விளக்கத்தையும் ஏற்க மாட்டார்கள்.

மூளை நின்றபின் உடலில் நிகழ்பவை

மூளைத்தண்டு நசுங்கும் தறுவாயில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் பெருவெள்ளம் போலப் பாய்கின்றன. ரத்த அழுத்தம் மிகவும் உயர்ந்து இதயத் தசையையும் நுரையீரலையும் பாதிக்கிறது. சிறிது நேரத்தில் இது அடங்கி, நேர் எதிரான நிலை வருகிறது. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த நரம்புக் கட்டளைகள் நின்றுபோவதால் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் சரிகிறது.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வேசோபிரசின் என்ற இயக்குநீரைச் சுரப்பதை நிறுத்துகிறது. சிறுநீரகம் நீரைத் தக்கவைக்க இந்த இயக்குநீர் தேவை. அது இல்லாததால் மணிக்கு 300 மில்லிலிட்டருக்கு மேல்கூட, நீர் போலத் தெளிந்த சிறுநீர் வெளியேறும். இதற்கு இன்சிபிடஸ் நீரிழிவு என்று பெயர். சர்க்கரை நோயுடன் இதற்குத் தொடர்பில்லை. கவனிக்காவிட்டால் உடல் வறண்டு, ரத்தத்தில் சோடியம் உயர்ந்து, சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடும். உடல் வெப்பத்தைக் காக்கும் மையமும் மூளையில் இருப்பதால் உடல் குளிரத் தொடங்குகிறது. ரத்தம் உறையும் தன்மையும் கெடுகிறது.

கொடையாளர் பராமரிப்பு

மூளைச்சாவு சான்றளிக்கப்பட்டு குடும்பத்தினர் ஒப்புதல் தந்தபின் சிகிச்சையின் குறிக்கோள் மாறுகிறது. அதுவரை மூளையைக் காப்பாற்றுவதற்காக நீரைக் குறைத்தும், சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளைக் கொடுத்தும் வந்திருப்பர். இப்போது உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் போதிய ரத்தமும் ஆக்சிஜனும் கிடைக்க வேண்டும். எனவே இழந்த நீரை ஈடுசெய்வதே முதல் வேலை.

மாணவர்கள் நினைவில் வைக்க 'நூறு விதி' உதவும்: மேல் ரத்த அழுத்தம் 100-க்கு மேல், சிறுநீர் மணிக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 100-க்கு மேல், ஹீமோகுளோபின் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். இது பெரியவர்களுக்கான பொது வழிகாட்டி.

ரத்த ஓட்டம்: நீர் ஏற்றியும் அழுத்தம் போதாவிட்டால் வேசோபிரசின் சொட்டாகச் செலுத்தப்படும். அது ரத்தக்குழாயையும் இறுக்கும். சிறுநீர்ப் பெருக்கையும் கட்டுப்படுத்தும். தேவைக்கேற்ப நார்அட்ரினலின் சேர்ப்பர். இதயத் துடிப்பு குறைந்தால் வழக்கமாகக் கொடுக்கும் அட்ரோபின் இங்கு வேலை செய்யாது. அம்மருந்து தடுக்க வேண்டிய நரம்பின் மையம் மூளைத்தண்டோடு அழிந்துவிட்டதே காரணம். டோபமின், அட்ரினலின் போன்றவற்றையே பயன்படுத்த வேண்டும்.

சோடியம்: சிறுநீரின் அளவு மணிக்கு மணி அளக்கப்படும். அளவு மீறினால் டெஸ்மோபிரசின் கொடுத்து, வெளியேறிய நீரை ஈடுசெய்வர். சோடியம் 155-ஐத் தாண்டினால் பொருத்தப்பட்ட கல்லீரல் பெறுநரிடம் சரியாக இயங்காமல் போகும் அபாயம் உண்டு.

நுரையீரல்: விரைவில் கெடும் உறுப்பு இதுவே. கருவியிலிருந்து செலுத்தும் காற்றின் அளவைக் குறைத்து, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என வைப்பர். மூச்சின் இறுதியிலும் நுரையீரல் சுருங்காமலிருக்க 8 முதல் 10 சென்டிமீட்டர் நீரழுத்தம் தொடரும். 2010-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், பழைய முறையில் 27 விழுக்காடு கொடையாளர்களிடமிருந்து மட்டுமே நுரையீரல் எடுக்க முடிந்தது. இம்முறையில் அது 54 விழுக்காடாக உயர்ந்தது.

வெப்பம்: போர்வை, சூடேற்றிய காற்று, வெதுவெதுப்பான திரவங்கள் ஆகியவற்றால் உடல் குளிராமல் காப்பர். எனினும் 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சான்றளித்த பின் உடலை 34–35 டிகிரியில் வைத்தால் பொருத்தப்பட்ட சிறுநீரகம் தாமதமாக இயங்கும் சிக்கல் 39 விழுக்காட்டிலிருந்து 28 ஆகக் குறைவதைக் காட்டியது.

இயக்குநீர்கள்: மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பல மையங்களில் கொடுக்கப்படுகிறது. தைராய்டு இயக்குநீரும் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. 2023-இல் வெளியான பெரிய ஆய்வில் அதனால் பொருத்தப்பட்ட இதயங்களின் எண்ணிக்கை கூடவில்லை என்று தெரிந்தது.

செவிலியர் கவனிப்பு: சளி உறிஞ்சுதல், நிலை மாற்றிப் படுக்க வைத்தல், தொற்றுத் தடுப்பு, சர்க்கரையை 180-க்குள் வைத்தல், கருவிழி உலராமல் இமைகளை மூடி வைத்தல் ஆகியவை இதில் அடங்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், பரவும் புற்றுநோய் ஆகியவை இல்லை என்பதும் இக்காலத்தில் உறுதி செய்யப்படும்.

இரு சோதனைகளுக்கும் இடைப்பட்ட 6 மணி நேரத்தில் அவர் இன்னும் நோயாளியே. அப்போதும் ரத்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் காப்பது மருத்துவரின் கடமை. அதைக் கைவிட்டால் சோதனையின் முடிவும் நம்பத்தகுந்ததாக இராது. பின்னர் கொடைக்கும் வழியிராது.

குடும்பத்தினருடன் பேசுதல்

மூளைச்சாவு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருகிறது. காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். நல்ல நடைமுறை இரண்டு உரையாடல்களைத் தனித்தனியே வைக்கிறது. முதலில், சிகிச்சை அளித்த மருத்துவர் மரணச் செய்தியை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறார். குடும்பத்தினர் அதை உள்வாங்க நேரம் தரப்படுகிறது. அதன் பின்னரே பயிற்சி பெற்ற உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் தானத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால், உறுப்புக்காகத்தான் மரணம் அறிவிக்கப்படுகிறதோ என்ற ஐயம் எழும்.

உறுப்பு தானத்துக்கான வாய்ப்பைக் குடும்பத்தாரிடம் தெரிவிப்பதை 2011 திருத்தம் மருத்துவமனையின் கடமையாக்கியது. ஒருங்கிணைப்பாளரை நியமிப்பதையும் கட்டாயமாக்கியது. மறுப்பது குடும்பத்தாரின் முழு உரிமை. இறந்தவர் தான அட்டை வைத்திருந்தாலும் நடைமுறையில் உறவினரின் சம்மதம் கேட்கப்படுகிறது. ஆகவே தம் விருப்பத்தை வீட்டில் முன்பே சொல்லி வைப்பதுதான் அட்டையைவிடப் பயனுள்ளது.

கொடையாளர் உடலைப் பராமரிக்கும் செலவையோ, உறுப்பெடுக்கும் செலவையோ குடும்பத்தினர் ஏற்க வேண்டியதில்லை என்று 2014 விதிகள் கூறுகின்றன. விபத்து வழக்குகளில் காவல்துறை விசாரணையும் பிணக்கூறாய்வும் தேவை. அதற்கு இடையூறு இல்லாதபோது உறுப்புகளை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது.

உறுப்புகளின் கால எல்லை

உடலிலிருந்து எடுக்கப்பட்ட உறுப்பைக் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தில் வைத்தாலும் குறிப்பிட்ட நேரம்தான் தாங்கும். இதயமும் நுரையீரலும் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம். கல்லீரல் 8 முதல் 12 மணி நேரம். சிறுநீரகம் ஏறக்குறைய 24 மணி நேரம். ஒரு கொடையாளரின் உறுப்புகளால் எட்டுப் பேர் வரை பயன்பெற முடியும். கண் தானத்துக்கு மூளைச்சாவு தேவையில்லை. வீட்டில் இயற்கையாக இறந்தவரின் கருவிழிகளையும் 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் பயன்படுத்தலாம்.

தமிழ்நாட்டின் அனுபவம்

சென்னையில் 1997-இல் மருத்துவர் சுனில் ஷெராஃப் நிறுவிய மோகன் அறக்கட்டளை, மூளைச்சாவு உறுப்பு தானம் குறித்த விழிப்புணர்வையும் ஒருங்கிணைப்பாளர் பயிற்சியையும் தொடங்கியது. 2007-இல் சென்னை எர்ணாவூரில் சுனாமியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடையே சிறுநீரக விற்பனை நடந்தது வெளியானபின், இறந்தவர் உறுப்பு தானத்தை வலுப்படுத்தும் தேவை உணரப்பட்டது. 2008-இல் தமிழ்நாடு அரசு பல ஆணைகளை வெளியிட்டு, இறந்தவர் உறுப்பு மாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. ரத்தநாள அறுவை மருத்துவர் ஜே. அமலோற்பவநாதன் அதன் ஒருங்கிணைப்பாளராக இருந்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியின் 15 வயது மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தார். பெற்றோர் தாமாகவே உறுப்பு தானத்துக்கு முன்வந்தனர். காவல்துறை வழி ஏற்படுத்தித் தர, அவருடைய இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் கொண்டு செல்லப்பட்டு ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மூளைச்சாவு என்ற சொல் தமிழ்நாட்டின் வீடுகளில் புழங்கத் தொடங்கியது இதன் பிறகே எனலாம்.

திட்டம் 2014 டிசம்பரில் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது. பதிவு செய்து காத்திருப்போர் பட்டியலின்படி உறுப்புகளைப் பகிர்ந்தளிப்பது இந்த ஆணையமே. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். 2023-இல் 178 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024-இல் 268 ஆனது.

மலை மாவட்டத்தில் உள்ள சிக்கல்கள்

இத்தலார், உதகையிலிருந்து எமரால்டு செல்லும் பகுதியில் தேயிலையும் மலைக்காய்கறிகளும் விளையும் ஊர். இத்தகைய ஊரில் ஒருவருக்குப் பலத்த தலைக்காயம் ஏற்பட்டால் முதல் கட்டம் 108 ஆம்புலன்சில் உதகைக்கு. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் 700 படுக்கைகள் கொண்ட புதிய வளாகம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மேல்சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். குன்னூர் அல்லது கோத்தகிரி வழியாக மலையிறங்கி, மேட்டுப்பாளையம் கடந்து கோவை சேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மண்சரிவும் கோடையில் சுற்றுலா நெரிசலும் இந்த நேரத்தைக் கூட்டுகின்றன.

இந்தப் பயணத்தின் முதல் நோக்கம் அந்த நோயாளியின் உயிரைக் காப்பது. மூச்சுக்குழாயைப் பாதுகாப்பதும், ரத்த அழுத்தம் சரியாமல் பார்ப்பதும், போர்த்திச் சூடாக வைத்திருப்பதும் அதற்கே. மூளை பிழைக்காத நிலையிலும் உறுப்புகள் கெடாமல் இருப்பதற்கு இதே கவனிப்புதான் காரணமாகிறது. உயிர்காக்கும் சிகிச்சையும் கொடையாளர் பராமரிப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

கால எல்லைகளும் மலைப்பாதையும் சேரும்போது ஒவ்வோர் உறுப்பின் வாய்ப்பும் வேறுபடுகிறது. மலைமேல் எடுக்கப்படும் சிறுநீரகம் கோவையைத் தாராளமாக எட்டிவிடும். கல்லீரலுக்கும் நேரம் உண்டு. இதயத்துக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி மலையிறங்குவதிலேயே கரைந்துவிடும். உறுப்பு மாற்று அறுவை செய்யாத மருத்துவமனைகளும் உறுப்பெடுக்கும் மையமாகப் பதிவு பெற 2011 திருத்தம் வழி செய்திருப்பது இத்தகைய மாவட்டங்களுக்கு முக்கியமானது. அவ்வாறு பதிவு பெற்ற மருத்துவமனை அருகில் இருந்தால், கொடைக்காக மட்டும் உடலை மலையிலிருந்து இறக்க வேண்டியதில்லை.

குடும்பத்தினருக்கும் தொலைவு ஒரு சுமையே. ஊரில் உறவினர் கூடிக் காத்திருக்கையில், ஓரிருவர் மட்டும் கோவை மருத்துவமனையில் நின்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பல ஊர்களிலிருந்தும் சுற்றத்தார் திரளும் இறுதிச் சடங்கு எப்போது என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்ல வேண்டும். உறுப்பெடுக்கவும் பிணக்கூறாய்வுக்கும் எவ்வளவு நேரம் ஆகும், உடல் எத்தனை மணிக்கு ஊர் சேரும் என்பவற்றை ஒருங்கிணைப்பாளர் தெளிவாகச் சொல்வது அவர்களுடைய முடிவை எளிதாக்கும்.

பொதுவான ஐயங்கள்

உடல் சிதைக்கப்படுமா? உறுப்பெடுப்பு மற்ற அறுவைகளைப் போலவே அறுவை அரங்கில் செய்யப்படுகிறது. வெட்டிய இடம் தைக்கப்பட்டு உடல் ஒப்படைக்கப்படும். வழக்கமான சடங்குகளுக்கு எந்தத் தடையும் இல்லை.

தானத்துக்குச் சம்மதித்தால் சிகிச்சை குறைக்கப்படுமா? சம்மதம் கேட்கப்படுவதே மரணம் சான்றளிக்கப்பட்ட பின்னர்தான். சிகிச்சைக் குழுவும் உறுப்பு மாற்றுக் குழுவும் வேறு வேறு.

உறுப்பு யாருக்குச் செல்லும் என்று குடும்பம் தேர்ந்தெடுக்கலாமா? முடியாது. ரத்த வகை, உடலளவு, நோயின் தீவிரம், பதிவு வரிசை ஆகியவற்றின்படி ஆணையம் முடிவு செய்யும். உறுப்புக்கு விலை வைப்பது குற்றமாகும்.

குடும்பத்தினர் மறுத்தால் என்ன ஆகும்? 1994 சட்டம் மூளைத்தண்டுச் சாவை உறுப்பு மாற்றின் பின்னணியில் மட்டுமே வரையறுக்கிறது. எனவே தானம் இல்லாதபோது சுவாசக் கருவியை நிறுத்துவதில் மருத்துவர்களிடையே தயக்கம் நிலவுகிறது. மூளைச்சாவைச் சான்றளிப்பது உறுப்பு தானத்தைச் சார்ந்ததல்ல என்று கேரள அரசு 2020-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இறந்தவர் இறந்துவிட்டார் என்ற உண்மை குடும்பத்தாருக்குத் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். அது தெரியாத குடும்பங்கள் மீளாத ஒருவருக்காகக் கடன்பட்டுக் காத்திருக்க நேர்கிறது.